ஃப்ரீசருக்குள் 241 டிகிரி

எங்கள் வீட்டு ஃப்ரீசருக்குள் ஒரு நாள் 241 டிகிரி கொதித்தது. பக்கத்திலேயே மாமியார் துருவி வைத்த தேங்காய் கல்லாக உறைந்து கிடந்தது.

கணவருக்கு ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம். எனக்குப் பெங்களூரு கம்பெனியில் மென்பொருள் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, இங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். சென்சார் சொல்லும் வெப்பநிலையைப் படித்து, கணினியின் மின்விசிறியை ஓட்டும் டிரைவர் நிரல்தான் என் பாடு. பனிமலைக்குப் போகவிருந்த ஒரு கணினிப் பெட்டிக்காக, பூஜ்யத்துக்குக் கீழே அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மே மாத ஆரணியில் அவ்வளவு குளிரும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது அத்தையின் ராஜ்ஜியம்.

சென்சாரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு உள்ளே வைத்து, ஒயரைச் சாப்பாட்டு மேசைவரை இழுத்தேன். திரையில் 241. மேசைமேல் இருந்த கணினி விசிறி, பக்கத்து வீட்டு விசைத்தறியையும் மிஞ்சி அலறியது.

கோளாறு புரிந்துவிட்டது. அந்தச் சென்சார் மைனஸ் ஒன்றை 255 என்றும் மைனஸ் இரண்டை 254 என்றும்தான் அனுப்பும். 127க்கு மேல் வந்தால் 256ஐக் கழித்துக்கொள்ள வேண்டியது டிரைவரின் கடமை. எங்கள் டிரைவரோ வந்த எண்ணை அப்படியே நம்பியது. குளிரில் நடுங்குகிறவனுக்கு விசிறி வீசும் கரிசனம்!

வீடியோ அழைப்பில் அதே திரையைப் பார்த்த மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. "ஈரத்துல சென்சார் கெட்டுப்போயிருக்கும்மா. வீட்டுல வெச்சு இதெல்லாம் சரிப்படாது. திங்கக்கிழமையிலருந்து ஆபீசுக்கே வந்துடுங்க."

கணவரை விட்டுவிட்டு ஏதோ ஒரு ஹாஸ்டல் அறையில் கிடப்பதை நினைத்தாலே அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தை ஃப்ரீசரைத் திறந்தார். "இன்னாம்மா, பேசிகினே இருக்கற? கொழம்புக்குத் தேங்கா வோணும். இது இன்னா கவரு, பேஜாரு?" என்று சென்சாரை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"ஐயோ அத்தை!" என்று கத்த வாயெடுத்தவள் திரையைப் பார்த்து அடங்கினேன். 244. 249. 253. 255. அடுத்தது 0. பிறகு 2, 5, 9. அலறிக்கொண்டிருந்த விசிறி வாயை மூடியது.

"கெட்டுப்போன சென்சார் இப்படி ஒழுங்கா எண்ணுமா சார்? கையில பொத்தினா சூடு ஏறத்தானே செய்யும்? 255லருந்து எப்படிப் பூஜ்யத்துக்கு விழும்?"

எண்ணுக்கு மைனஸ் குறியும் உண்டு என்று டிரைவருக்குச் சொல்லும் ஒரே வரியை மாற்றினேன். அத்தை கவரைத் திரும்ப உள்ளே வைத்தார். திரை 3, 0, -1, -4 என்று சாதுவாக இறங்கியது. விசிறி மூச்சு விடவில்லை.

"சரிம்மா, நீங்க வர வேணாம். இனிமே எல்லா பெட்டிக்கும் குளிர் சோதனை அங்கேயே பண்ணிடுங்க" என்றார் மேலதிகாரி.

சந்தோஷத்தில் அத்தையைக் கட்டிக்கொண்டேன். அவர் என் கையை விலக்கிவிட்டுத் திரையருகே குனிந்தார்.

"ஏங்க, அப்ப என் தேங்காயெல்லாம் எங்கங்க வெக்கிறது? உங்க ஆபீசுலயா?"