பம்பை சிடி கேட்டுப் போனது

என் வீட்டுக்காரர் பம்பை அடிக்கிறவர். திருவிழாவுக்குக் கூப்பிடுவது குறைந்துபோன சமயத்தில், கடலூர் ஸ்டுடியோ ஒன்றில் தன் செட்டோடு அம்மன் பாட்டு பாடி சிடி போட்டார். நாலு ஊர் கேட்டால் தன்னால் கூப்பிடுவார்கள் என்று நம்பினார். சிதம்பரத்துக் கடைக்காரர்கள் மாதிரிக்கு ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் கேட்பதில்லையாம்.

"நாமளே வாங்க வந்தவங்க மாதிரி போயி கேக்கணும். அட்டையில என் மூஞ்சி இருக்குது, நீ போ" என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். வெளி ஆளிடம் எனக்குப் பேச்சே வராது. ஆனாலும் சிடி கடையில் போய்க் கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் செல்லுல ஏத்திக்கிறாங்க ஆயா. எங்கூர் திருவிழாவுல நீ கேக்கற சிடியத்தான் மைக் செட்டுல போட்டோம். சாமியும் வந்துச்சு, பம்பைக்காரனுக்குக் குடுக்கற காசும் மிச்சம்!"

திரும்பி வந்தேன். "என்னா சொன்னான்?" என்று என் முகத்தையே பார்த்தார். அந்த முகத்திடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"வித்துப்போச்சாம். நெறைய பேரு கேக்கறாங்களாம்" என்றேன்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "பாத்தியா! கறவ மாட்ட வித்துட்டு இன்னும் ஆயிரம் சிடி போட்டுடலாம். இப்பவே ஸ்டுடியோவுல சொல்லிட்டு வந்துடுவோம், வா."

கடலூர் பஸ்ஸில் ஏறினோம். புதுச்சத்திரம் தாண்டியது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் முன்சீட்டுக் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டே வந்தார்.