சல்யூட் அடித்தால்தான் மாத்திரை

குத்துக்கல்வலசையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். இடுப்பில் அடிபட்டு, சக்கர நாற்காலியோடு ஊர் திரும்பியவர். மீசை மட்டும் இன்னும் பணியில் இருப்பதுபோல் விறைத்து நிற்கும். அவரைக் கவனித்துக்கொள்வது கல்லூரியில் படிக்கும் மகள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தோழிகளோடு ஐந்தருவிக்குப் போய்வரட்டும் என்று, அவருக்குத் துணையாக நான் போய் உட்கார்ந்தேன். கிளம்பும்போது அவள், "சல்யூட் அடிச்சாத்தான் அப்பா மாத்திரை போடுவாவ, மாமா" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மாத்திரையை நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. சல்யூட் அடித்தேன்.

"முழங்கை தொங்குதுவே. வயித்த உள்ள இழுத்துக்கிடும்."

இழுத்தேன், வேட்டி நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அடித்தேன்.

"அது இடது கைவே."

வேர்த்துப்போய், மகளைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"அவள கூப்பிட வேண்டாம்வே. போன சீசனுக்கும் அவ அருவிப் பக்கம் போகல. நிம்மதியா குளிச்சிட்டு வரட்டும்."

சொல்லிவிட்டு மாத்திரையைத் தாமே எடுத்து விழுங்கினார்.

"அப்ப சல்யூட்டு எதுக்குவே?" என்றேன்.

"முன்னால அழுதுகிட்டேல்லா மாத்திரை தருவா. இப்ப சிரிச்சுக்கிட்டு தருதா."

அடுத்த ஞாயிறும் வரட்டுமா என்று கேட்டேன்.

"நேரத்துக்கு வாரும்" என்றார்.