நான்கு நிமிடத் தாமதம்

நகரத்தின் விளிம்பில், இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு பேர் படித்த அந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் மணி அடித்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘செகண்டு’. பத்தொன்பது வருடங்களாக, நாளொன்றுக்குப் பதினான்கு முறை, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே அவர் மணியின் சுவிட்சை அழுத்தினார். மாதம் ஒருமுறை ஏணி போட்டு, ஐம்பத்தேழு சுவர்க் கடிகாரங்களையும் அதன்படியே திருப்பி வைத்தார். ஆசிரியர்களின் கைபேசிகள் நான்கு நிமிடம் பின்தங்கியே காட்டின. டவர் சரியில்லை என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். செகண்டின் பணிப்பதிவேட்டில் ஆண்டுதோறும் ஒரே குறிப்பு: காலம் தவறாதவர்.

பொதுத்தேர்வும் அவர் மணிக்குத் தொடங்கி அவர் மணிக்கே முடியும். அந்த வருடம் புது உத்தரவு வந்தது. தொடக்கம், வெளியிலிருந்து வரும் அதிகாரியின் கைபேசிப்படி. முடிவு மட்டும் மணிப்படி. முதல் நாள் பத்துக்கு மணி அடித்தும் அதிகாரி அம்மா வினாத்தாள் உறையைத் தொடவில்லை. நான்கு நிமிடம் கழித்தே பிரித்தார். தலைமையாசிரியர் அப்போது வாசலில், பிந்தி வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

செகண்டுக்கு மனசு ஆறவில்லை. அலுவலகத் தொலைபேசியில் மனைவியைக் கூப்பிட்டார்.

“அந்தம்மா போன் நாலு நிமிஷம் ஸ்லோ. அதை நம்பிப் பரீட்சை நடத்துறாங்க பாரு.”





“ஏங்க, திட்டக் கூடாது. ராத்திரி வாட்சுக்குச் சாவி குடுக்கறப்ப நான் ரேடியோ டைமுக்கு நாலு நிமிஷம் முன்னால தள்ளி வெப்பேன்.”

“எப்ப இருந்து?”

“நீங்க வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து. ஷூ லேஸ் கட்டறதுக்கே உங்களுக்கு ஒரு யுகம் ஆகுதே, நான் என்ன செய்ய?”

கடிகாரத்தில் ஒரு மணியானதும் அடித்தால், தேர்வெழுதும் அறுநூற்று எண்பது பேருக்கும் நான்கு நிமிடம் போய்விடும். ஒரு மணி நெருங்கியதும் அவர் சுவிட்சுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

தலைமையாசிரியர் உள்ளே வந்தார். “மணி ஒண்ணு. அடிங்க.”

“இன்னும் ஆகலை சார்.”

“கண்ணு தெரியலையா? செவுத்துல பாருங்க.”

“பார்த்தேன் சார்.”

“வாட்ச் நின்னு போச்சா?”

“நல்லா ஓடுது சார்.”

தலைமையாசிரியர் தானே அழுத்தக் கையை நீட்டினார். செகண்டு சுவிட்சின்மேல் முதுகைச் சாய்த்தார். பத்தொன்பது வருடத்தில் எந்தத் தலைமையாசிரியர் முன்னாலும் உட்கார்ந்துகூட இராதவர். அவரைப் பிடித்துத் தள்ளுவதற்கு விதி ஏதும் இருக்கிறதா என்று தலைமையாசிரியர் யோசித்துக்கொண்டிருந்தபோது நான்கு நிமிடம் முடிந்தது. செகண்டு திரும்பி மணியடித்தார்.

மூன்று மணிக்கு மெமோ வந்தது. மணி நான்கு நிமிடம் தாமதமானதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். உண்மையை எழுதினால் மனைவியும் கோப்பில் ஏறிவிடுவாள். ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இரவு மனைவி கடிகாரத்தைக் கையில் எடுத்தாள்.

“இனிமே சரியாவே வெச்சிடவா?”

“வை.”

“அப்ப லேஸு?”

மறுநாள் அவர் செருப்புப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்.