பதினான்கு தப்படி

மூன்று வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் வீடு திரும்பியபோது, என்ன பார்த்தாய், எப்படிச் சமாளித்தாய், இனியாவது ஓரிடத்தில் இருப்பாயா என்று எல்லோரும் கேட்டார்கள். அப்பாவின் அக்கா மட்டும் வேறொன்று கேட்டாள்.

"பயமா இருந்துச்சா?"

"சில சமயம், அத்தை."

"எப்போ?"

மொழி தெரியாத ஒரு ஊரில், இறங்க வேண்டிய இடம் எதுவென்று புரியாமல், பேருந்தில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்த ஒரு மாலையைச் சொன்னேன். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்த பஸ்ஸு ஏழு வருஷம் ஓடுச்சு" என்றாள்.

அத்தை சினிமாவில் இருந்தவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அலமாரியில் ஒரு புகைப்படம் உண்டு. நீளமான உடை, அலை அலையாகச் சுருட்டிய தலைமுடி, எங்கோ தூரத்தைத் தேடும் கண்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அந்த வாரம்தான் சொன்னாள்.

அப்போது நடிகர்கள் ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். காலை எட்டு மணிக்கு வாசலில் கையெழுத்துப் போட வேண்டும். மேக்கப் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் அன்று யார் யார் எந்த செட்டுக்கு என்று எழுதியிருக்கும். அத்தை பெரும்பாலும் கதாநாயகியின் தங்கை, இல்லையென்றால் தோழி. வேலை இல்லாத நாளில் கூட்டத்தில் நிற்பாள். வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மாட்டார்கள். தாத்தா படுத்த படுக்கை. அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்கூடத்தில். வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கண், காது, கை, கால் எதிலும் குறையில்லை என்று நடிகர் உறுதி கூறுகிறார்.

அத்தைக்குச் சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம். பள்ளி நாட்களிலிருந்தே சோடா பாட்டில் கண்ணாடி. சேர்க்கும்போது ஸ்டூடியோ டாக்டர் சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, வரிசையாக ஒவ்வொருவரையும் படிக்கச் சொன்னார். அத்தை வேண்டுமென்றே வரிசையில் பின்னால் போய் நின்றாள். முன்னால் நின்ற நான்கு பேர் படித்ததைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். அவள் முறை வந்தபோது கடகடவென்று ஒப்பித்தாள்.

"கடைசி வரியை யாருமே படிச்சதில்லயேம்மா! கண்ணா இது, கழுகா?" என்றார் டாக்டர்.

முன்னால் நின்றவர்கள் அந்த வரியில் தடுமாறி, ஆளுக்கு ஓரிரு எழுத்துதான் சொல்லியிருந்தார்கள். அத்தை அவற்றைக் குத்துமதிப்பாகச் சேர்த்துச் சொன்னது சரியாக இருந்துவிட்டது. அன்று தொடங்கியது பயம்.

பாவாடையின் உள்பக்கம் ஒரு பை தைத்து, அதில் கண்ணாடியை வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து ஸ்டூடியோ தெருமுனை வரை போட்டுக்கொள்வாள், பிறகு கழற்றிவிடுவாள். எல்லோருக்கும் முன்னால் வந்து, செட் காலியாக இருக்கும்போது, நடந்து நடந்து எண்ணுவாள். கதவிலிருந்து நாற்காலிக்கு ஆறு தப்படி. நாற்காலியிலிருந்து ஜன்னலுக்கு நான்கு. எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவார்கள். மற்றவர்கள் அதை ஓரக்கண்ணால் பார்த்து வந்து நிற்பார்கள். அத்தை எண்ணி வந்து நின்றாள். எண்ணிக்கை போதாத இடத்தில் விளக்கின் சூடு உதவியது. பெரிய விளக்கு இடது கன்னத்தைச் சுட்டால் சரியான இடம், மூக்கைச் சுட்டால் ஒரு தப்படி அதிகம்.

வழியில் எதிரே வருவது யார் என்று தெரியாததால் அவள் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் முதலாளி காதுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும், மறுநாள் அவர் அறைக்குள் நுழைந்தவுடனே இடுப்பு வளையக் குனிந்து, "வணக்கம் ஐயா" என்றாள். அறையில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அவள் வணங்கியது மூலையில் இருந்த ஸ்டாண்டில் மாட்டியிருந்த முதலாளியின் கோட்டை.

"கோட்டுக்கே இவ்வளவு மரியாதைன்னா, ஆளு வந்தா காலுல விழுந்துருவீங்களா?" என்றது ஒரு குரல்.

"சும்மா விளையாட்டுக்குங்க" என்று அத்தையும் சிரித்துவைத்தாள். அந்தக் கூட்டத்தில் முதலாளியும் இருந்து சிரித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

இதில் வேடிக்கை, தூரத்தில் எதையோ தேடுவது போன்ற அவள் பார்வை ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. விளம்பரக்காரர்கள் 'தொலைவைத் தேடும் விழிகள்' என்று போஸ்டரில் போட்டார்கள். ஒரு ரசிகர் கடிதமே எழுதியிருந்தார்: நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள்?

"வாசப்படியத் தேடுறேன்யான்னு பதில் எழுதத் தோணுச்சு" என்றாள் அத்தை.

அவள் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் டேப்காரர். கேமராவுக்கு ஃபோகஸ் பார்க்கும் உதவியாளருக்கு ஸ்டூடியோவில் அதுதான் பெயர். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் லென்ஸிலிருந்து நடிகரின் மூக்கு வரை டேப் பிடித்து அளப்பது அவர் வேலை. நடிகர் குறியில் வந்து நிற்கும்போது அதற்கேற்ப லென்ஸைத் திருப்ப வேண்டும். நடிகர் குறி தவறிப் படம் மங்கினாலும் திட்டு அவருக்குத்தான்.

ஐந்தாவது வருடம் ஒரு நாள், அவர் டேப்பின் நுனியை அவள் மூக்கருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"எல்லாரும் டேப் வர்றப்போ கண்ணச் சிமிட்டுவாங்கம்மா. நீங்க சாண் தூரத்துக்கு வர்ற வரைக்கும் சிமிட்டவே மாட்டேங்கறீங்க."

அத்தை அவசரமாகக் கண்ணைச் சிமிட்டினாள். "பழக்கமாயிடுச்சுங்க" என்றாள்.

"ஓ" என்றார் அவர். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு பத்து நாள் அவள் தூங்கவில்லை. அவர் சொல்லிவிடுவார், அல்லது சொல்லாமல் இருப்பதற்கு ஏதாவது கேட்பார். என்ன கேட்பார் என்று நினைத்துப் பார்க்கவே பயம். ஆபீஸிலிருந்து ஆள் வந்தாலே மேக்கப் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். பதினோராவது நாள் அவர் டேப்பைப் பிடித்து, வழக்கமாக முணுமுணுக்கும் அளவை உரக்கச் சொன்னார்.

"பதினோரு அடி. கதவுல இருந்து அஞ்சு தப்படி. இடது பக்கம் ஒயர் ஓடுது."

கேமராமேன் திரும்பினார். "என்னய்யா, ஜோசியம் சொல்றியா?"

"மறந்துடக் கூடாதுன்னு சார்."

அன்றிலிருந்து இரண்டு வருடம் அவர் சொன்னார், அவள் நடந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, வாசலில் கடந்து போகும்போது நின்றார். "தெருவைத் தாண்டறப்போவாச்சும் அதைப் போட்டுக்கங்கம்மா. நேத்து லாரிக்காரன் என்னையும் சேர்த்துத் திட்டினான்."

ஏழாவது வருடம் அந்தத் தீ விபத்துக் காட்சி வந்தது. மாடி வீடு செட். உண்மையாகவே கொளுத்தப் போகிறார்கள், ஆகவே ஒரே ஒரு முறைதான் எடுக்க முடியும். அத்தை மாடி அறைக் கதவைத் திறந்து, தாழ்வாரத்தில் நடந்து, கைப்பிடி எரிந்து விழுந்துவிட்ட விளிம்பில் நின்று, "குழந்தை உள்ள இருக்கு!" என்று கத்த வேண்டும். விளிம்புக்குக் கீழே பன்னிரண்டு அடி. வழக்கமாக வைக்கோல் பரப்பிவைப்பார்கள். தீ என்பதால் அதையும் அப்புறப்படுத்திவிட்டார்கள்.

காலையிலிருந்து அவள் பதினேழு முறை நடந்து பார்த்தாள். கதவிலிருந்து விளிம்புக் குறி வரை பதினான்கு தப்படி. ஒத்திகையில் டேப்காரரும் அதையே சொன்னார். "பதினாலு. பதினஞ்சு கிடையாதும்மா."

தீ வைத்தார்கள். புகை எழுந்தது. அத்தை கதவுக்குப் பின்னால் தயாராக நின்றாள். அப்போது கீழிருந்து டைரக்டர் மெகாபோனில் கத்தினார்.

"ஏம்மா, வீடு எரியறப்போ யாராச்சும் நடந்து வருவாங்களா? ஓடி வா! செருப்பைக் கழட்டிட்டு ஓடி வா!"

ஓடினால் எத்தனை தப்படி? அவள் எண்ணியதே இல்லை. எட்டா, பத்தா? கன்னத்துச் சூட்டை வைத்து இடம் பார்க்கலாம் என்றால், இப்போது நாலா பக்கமும் சூடு. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஏன் முடியாது என்று கேட்பார்களே. மூச்சில் புகை ஏறியது. வெளியே கிளாப் பலகை அடித்தது.

ஓடினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பலகை காலுக்குக் கீழே அதிர்ந்தது. எதிரே செம்மஞ்சளாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். ஐந்து, ஆறு. ஒவ்வொரு முறையும் பாதம் பலகையைத் தொட்ட பிறகுதான் அடுத்த மூச்சு வந்தது. ஏழில் கால் நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அங்கேயே நின்று, "குழந்தை உள்ள இருக்கு!" என்று அலறினாள். அலறல் நடிப்பில்லை. பின்னால் உத்தரம் விழுந்தது. கட் என்றார்கள். கைதட்டினார்கள். யாரோ கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். விளிம்பு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, மதியம், எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். ஸ்டூடியோவில் அத்தை பயமில்லாமல் இருந்த ஒரே இடம் அந்தப் பிரிவ்யூ ஹால்தான். விளக்கு அணைந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொள்வாள், 'லைட்' என்று குரல் கேட்டதும் கழற்றிவிடுவாள். ஏழு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை.

திரையில் கதவு திறந்தது. அவள் ஓடி வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது, பிறகு மங்கியது, பிறகு வெறும் கறையானது. அவளுக்கு வெகு முன்னால் விளிம்புப் பலகை மட்டும் ஆணித் தலை வரை தெளிவாகத் தெரிந்தது. டேப்காரர் லென்ஸை விளிம்புக்குத் திருப்பிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அவள் வரவே இல்லை.

"நிறுத்துய்யா!" இருட்டில் டைரக்டரின் குரல். "ஃபோகஸ் எங்க? ஒரு வீட்டையே கொளுத்தியிருக்கேன்யா நான்! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

பின் வரிசையிலிருந்து டேப்காரர் எழுந்த சத்தம் கேட்டது. "தப்பு என்னோடதுதான் சார்."

"அப்ப நாளையிலேருந்து வராத. லைட்டப் போடுங்க, இந்தாளு மூஞ்சியப் பாக்கணும் நான்."

அத்தையின் கை காதருகே போனது. விளக்கு எரிந்தபோது கை அங்கேயே இருந்தது, கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை உட்கார்ந்தபடியே பேசினாள்.

"சார், அவரு சரியாத்தான் வெச்சிருந்தாரு. நாந்தான் பாதியில நின்னுட்டேன். விளிம்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. எனக்கு எந்தக் குறியுமே தெரியாது சார். ஏழு வருஷமா."

டைரக்டரின் முகத்தை அத்தை வெளிச்சத்தில் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. குரலை வைத்து மலை மாதிரி ஆளாக நினைத்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண் சிவந்து, ஒரு மெலிந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். எரிந்த செட்டுக்கு முதலாளியிடம் என்ன பதில் சொல்வது என்கிற கிலி அவர் முகத்திலும் அப்பியிருந்தது.

அவர் கேட்டார். "அப்ப, அந்தக் கோட்டு ஸ்டாண்டு?"

"நெசமாவே அவருன்னுதான் நெனச்சேன் சார்."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

டேப்காரருக்கு வேலை போகவில்லை. பின்னாளில் கேமராமேன் ஆனார். அத்தையின் ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அரை வருடம் வீட்டில் கஷ்டம். பிறகு வேறொரு ஸ்டூடியோ கண்ணாடியோடு கூப்பிட்டது, லேடி டாக்டர் வேஷத்துக்கு. பதினோரு படத்தில் டாக்டர். ஒரு நோயாளியைக்கூட அவள் பிழைக்கவைக்கவில்லை. அந்தத் தீ விபத்து ஷாட்டை முகம் மங்குவதற்கு முன்பே வெட்டிப் படத்தில் சேர்த்தார்கள். ஒரு பெண் ஓடி வருகிறாள், அவ்வளவுதான்.

"அப்புறம் பயம் போயிடுச்சா அத்தை?" என்று கேட்டேன்.

அவள் அந்தக் கடைசி நான்கு மாதத்தில் நடந்த ஒன்றைச் சொன்னாள். வேறு படத்துக்கு, மாடிப்படி செட். ஷாட்டுக்கு முன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறிப் பார்க்க இப்போது தடையில்லை. மேலே போனாள். இரண்டு விரல் கனமான பலகை. நடுவே நடுவே சந்து. சந்து வழியாகக் கீழே இரும்புக் குழாய்கள், ஒயர், மல்லாந்து கிடக்கும் ஆணிகள், எறும்பு போல ஆட்கள். இத்தனை வருடம் இதன் மேல்தானா நடந்தாள்? தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கீழிருந்து அதே டைரக்டர் கத்தினார். "இப்பத்தான் எல்லாம் தெரியுதே! இன்னும் என்னம்மா பயம்?"

"அதனாலதான் சார்!" என்று மேலிருந்து கத்தினாள் அத்தை. "ஆள அனுப்புங்க, என்னைக் கீழ இறக்குங்க!"