மூச்சை வெட்டாத குரல்

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வந்து ஹியூபேட்டின் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘மைக்செற் ஹியூபேட்’ என்று கேளுங்கள், மீன்காரனே சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கதவைத் தட்டித் தருவான். வாலிப வயதில் அந்தோனியார் திருநாளுக்குத் தூண் தூணாக ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன். பக்கத்துக் கோயில் தேருக்கும் அதே ஸ்பீக்கரைத்தான் கட்டினான், இரண்டு பக்கத்துச் சாமிகளும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கொழும்பின் பெரிய மண்டபங்களில் கல்யாணங்களுக்கும் மாநாடுகளுக்கும் ஒலி பார்க்கிறான். நான் தியாகராசா, வெள்ளவத்தை. அவன் ஒலி, நான் ஒளி. மண்டபத்தின் கடைசியில், இருட்டுக்குள், ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தே எங்கள் இருவருக்கும் தலை நரைத்தது.

குரல் என்றால் ஹியூபேட்டுக்கு ஒரு பைத்தியம். மேடையில் ஒருவர் பேசுவது பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பி ஓடி வருவான். கல்யாண வீட்டில் நெஞ்சடைத்துப்போய் முணுமுணுக்கிற பெண்ணின் தகப்பனைக்கூடக் கடைசி மேசை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பான். அவரவர் குரல் அவரவர் மாதிரியே கேட்க வேண்டும், அதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்பான்.

அவனிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. பேச வருகிற பெரியவர்களின் கொலரில் மைக் குத்திவிடுவது அவன்தான். குத்தியதும் மண்டபத்துக்கு அதை அடைத்துவிடுவான். தன்னுடைய ஹெட்போனுக்கு மட்டும் திறந்து வைத்திருப்பான், பற்றரி போகிறதா என்று தெரிய வேண்டுமே. ஆகவே மேடைக்குப் பின்னால் யார் யாரைத் திட்டினார், யார் பயத்தில் செபம் சொன்னார், எல்லாம் அவன் காதில் விழும். வாய் மட்டும் திறக்கமாட்டான். “மைக்கிலை கேட்டது மைக்கோடை போகோணும் மச்சான்” என்று முடித்துவிடுவான். பக்கத்தில் இருந்து ஒரு வம்புகூடக் கேட்க முடியாத இந்த நட்பு எனக்கு எதற்கு என்று பலமுறை அவனை ஏசியிருக்கிறேன்.

அவனுக்கு ஒரே மகள், பிறிஜெற். ஒரு கைத்தொலைபேசிக் கம்பனியின் வாடிக்கையாளர் சேவையில் தமிழ்ப் பக்கம் பார்த்தாள். காசு வெட்டுப்பட்டுவிட்டது, கோல் போகவில்லை என்று கத்துகிறவர்கள் எல்லாரும் அவளோடு கதைத்தால் அடங்கிப்போவார்கள். அவளுடைய குரல் அப்படி, குளிர்ந்த கையால் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும்.

ஒருநாள் கம்பனியில், நன்றாகக் கதைக்கிற பிள்ளைகள் சிலரிடம் கட்டுக் கட்டாக வசனங்களைக் கொடுத்து வாசித்துப் பதிந்து தரச் சொன்னார்கள். போனில் போடுகிற அறிவித்தல்களுக்கு என்று சொன்னார்களாம். மற்றப் பிள்ளைகள் கம்பனிச் சாப்பாட்டறையில் இருந்து வாசித்தார்கள், பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம். மைக்செற் ஹியூபேட்டின் மகள் அப்படி வாசிக்கலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து, மத்தியானச் சோறு தின்று வீதியே கண்ணயர்கிற நேரம் பார்த்து ஹியூபேட் யன்னலுக்கு மெத்தையை நிமிர்த்தி வைப்பான். அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவில் அவளை முகம் வைத்து வாசிக்கச் சொல்வான். துணி இருந்தால் சத்தம் எதிரொலிக்காது. வீதியில் ஒரு திறீவீலர் ஓட்டோ போனாலும் அந்த வசனம் திரும்பவும் முதலில் இருந்து. அவனுடைய மனைவி றேணுகா குழாயைக்கூடத் திறக்காமல் குசினியில் சும்மா இருப்பாள்.

“டடா, மூச்சு எடுக்கிறது கேக்குது. அதை வெட்டுங்கோவன்” என்று பிறிஜெற் சொல்லியிருக்கிறாள்.

“மூச்சை வெட்டினா மெசின் கதைக்கிற மாதிரி இருக்கும் மகள். மூச்சு இருந்தாத்தான் ஆள் இருக்கு” என்றானாம் இவன்.

பதிவைக் கேட்டுவிட்டுக் கம்பனியில் எல்லாரும் பாராட்டினார்கள். இவன் ஒரு கிழமைக்குத் தரையில் நடக்கவில்லை.

அதே காலத்தில்தான் நான் அவளுக்கு வேறொரு வேலை பார்த்துவைத்தேன். வெள்ளவத்தையில் எனக்குப் பல் பார்க்கிற டொக்டர் ஷஹீமா முன்மேசைக்கு ஒரு பிள்ளை தேடினார். கூச்சல் இல்லாத இடம், இரவு முறை கிடையாது. பிறிஜெற்றைப் பற்றிச் சொன்னேன். அவருக்கும் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் முடிவு சொல்லச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைதான் கைத்தொலைபேசித் துறையின் பெரிய மாநாடு வந்தது, ஒலியும் ஒளியும் நாங்கள்தான். பிறிஜெற்றை மூன்றாவது வரிசையில் வந்து இருக்கச் சொல்லிக் கம்பனி அழைத்திருந்தது. மேடையில் அவள் பெயர் சொல்லப்படுமாம். கட்டாயம் பதவி உயர்வுதான் என்று வீடே நம்பியது. பல் டொக்டரின் மேசையை யார் நினைப்பார்கள்?

வியாழக்கிழமை ஒத்திகை. கம்பனியின் தலைவர் ரணவீர வந்தார். கூடவே வெளிநாட்டில் இருந்து வந்திருந்த தொழில்நுட்பத் தலைவரும் வந்தார். இருவருக்கும் ஹியூபேட் மைக் குத்தினான். மேடையில் இருந்து ஒரு புதிய சேவையைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். போனில் அழைத்தால் ஒரு குரல் பதில் சொல்லும். சிங்களக் குரல் தகரம் மாதிரி வந்தது, ஆங்கிலமும் அப்படித்தான். வழக்கம்போலத் தமிழ் கடைசி. “வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?”

ஹியூபேட் என் தொடையில் அடித்தான். “எண்ட மகளடா! கேட்டியா, என்ன துப்பரவு!”

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது தொழில்நுட்பத் தலைவர் எதையோ தட்டி எழுதினார். குரல் திரும்பவும் வந்தது. “வணக்கம் திரு. ரணவீர. நேற்று நீங்கள் சொன்ன முறைப்பாட்டைக் கவனித்துவிட்டோம்.”

ஹியூபேட்டின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் மாறிவிட்டது.

“மச்சான், இதை நாங்க பதியேல்லை” என்றான் மெதுவாக. “ரணவீர எண்டு அவள் ஒருக்காலும் வாசிக்கேல்லை.”

மேடையில் வேலை முடிந்து அவர்கள் இருவரும் பின்னால் போனார்கள். ஹியூபேட் வழக்கம்போல மண்டபத்துக்கு அடைத்துவிட்டு ஹெட்போனைப் போட்டுக்கொண்டான். பிறகு இத்தனை வருடத்தில் செய்யாததைச் செய்தான். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தான்.

அவர்கள் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். எனக்கு விளங்கியது இதுதான். தமிழ்க் குரல் உயிரோடு இருக்கிற மாதிரி வந்திருக்கிறது, மற்ற இரண்டையும் இப்படியே திரும்பப் பதிய வேண்டும். இனி எல்லாருக்கும் மெசினே பதில் சொல்லும், பிள்ளைகள் இருந்து கதைக்கிற அந்த வாடிக்கையாளர் சேவை மாடி தேவையில்லை, மூடிவிடலாம். பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது என்று ஒருவர் கேட்டார். மாநாடு முடியட்டும், இப்போது சொன்னால் முகம் வாடிவிடும், படத்தில் நன்றாக வராது என்றார் மற்றவர். இருவரும் சிரித்தார்கள். பிறகு மத்தியானம் எங்கே நண்டு சாப்பிடலாம் என்று கதை போனது.

“இண்டைக்கே வீட்டை போய்ச் சொல்லு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டொக்டரிட்டை இடம் இருக்கு” என்றேன். ஹியூபேட் ஹெட்போன் வயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

மறுநாள் காலை பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், நடந்ததைச் சொன்னான். வீட்டுக்குப் போனபோது கிளிப்பச்சைச் சேலை கட்டிலில் விரித்திருந்ததாம். றேணுகா ஓரம் அடித்துக்கொண்டிருந்தாளாம். இவன் கேட்டதைச் சொல்லியிருக்கிறான்.

பிறிஜெற் முதலில் சிரித்தாளாம். “டடா, வேலையாலை நிப்பாட்டப் போறவளை ஆரும் மேடைக்குக் கூப்பிடுவாங்களா? வேற மாடியைச் சொல்லியிருப்பாங்க.”

“மகள், நீ வேலை செய்யிற மாடிதான். எண்ட காதாலை கேட்டனான்.”

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்ததாம். “மைக்கிலை கேட்டதை வெளியிலை கதைக்கக் கூடாதெண்டு நீங்கதானே சொல்லுறனீங்க? எனக்கு ஒரு நல்லது வரேக்குள்ளதானா உங்களுக்கு வாய் திறக்கோணும்?”

பிறகு அவன் முன்னாலேயே டொக்டர் ஷஹீமாவுக்குப் போன் பண்ணி, வரவில்லை, மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டாளாம். எவ்வளவு வடிவாகச் சொன்னாள் தெரியுமா என்றான் ஹியூபேட். அந்த நேரத்திலும் அவனுக்குக் குரல்தான்.

மண்டபம் நிரம்பியது. ஒருவர் பின் ஒருவராகப் பெரியவர்கள் மேடையேறினார்கள். இந்த மாநாட்டுப் பேச்சாளர்கள் எல்லாரும் எந்தத் தையல்கடையில் சொல்லி வைத்தார்களோ தெரியாது, கோட் உண்டு, டை இல்லை, வெள்ளைச் சப்பாத்து. குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடியே பேசுவார்கள், என்னுடைய வெளிச்சம் பின்னால் அலைய வேண்டும். எதிர்காலம் வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். பயப்பட வேண்டாம் என்று அடுத்தவர் சொன்னார். யாரும் பயப்படவில்லை, தேநீர் இடைவேளை எப்போது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரணவீர வந்தார். மனிதர்களே எங்கள் முதல் சொத்து என்று நெஞ்சில் கை வைத்தார். அந்தக் கொலர் மைக்கில் அவருடைய கை பட்ட சத்தம் படார் என்று கேட்டது, ஹியூபேட் உடனே அதை அமத்தினான். பிறகு அவர் போனை எடுத்து எல்லாருக்கும் காட்டி, அழைத்தார். சிங்களம் பேசியது. ஆங்கிலம் பேசியது. தமிழ் வந்தபோது தொடர்பில் ஏதோ பிழை, குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி மெலிந்து போனது. பின்வரிசையில் காதைக் கையால் மடித்துப் பார்த்தார்கள். ரணவீர சங்கடத்தோடு எங்கள் பக்கம் பார்த்தார்.

ஹியூபேட்டின் விரல் அந்தக் குரலைக் கூட்டிக் குறைக்கிற கட்டையின் மேல் இருந்தது. ஒரு தள்ளுக் கீழே தள்ளியிருந்தால் போதும், மெசின் ஊமையாகி, மண்டபம் சிரித்திருக்கும். செய்யடா, செய்யடா என்று எனக்குள் கத்தினேன்.

அவன் மேலே தள்ளினான். ஒரு குரல் சபைக்குக் கேட்காமல் போவதை அந்தக் கை எந்த நாளும் பொறுத்ததில்லை. அதோடு விடவும் இல்லை, ஒரு திருகைத் திருப்பி இரைச்சலை எடுத்தான், இன்னொன்றைத் திருப்பிக் குரலை இளக்கினான். “வணக்கம் திரு. ரணவீர” என்று அவனுடைய மகள் மண்டபம் முழுக்க நிறைந்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அந்தச் சின்ன மூச்சு கேட்டது. மண்டபமே அடங்கிப்போய்க் கேட்டது, பிறகு கைதட்டல் கூரையைத் தூக்கியது.

ரணவீர எனக்குச் சைகை காட்டினார். சொல்லி வைத்தபடி மூன்றாவது வரிசைக்கு வெளிச்சத்தைத் திருப்பினேன். என் கையை நானே கடிக்கலாம் போல இருந்தது. இந்தக் குரலைத் தந்தவர் எங்கள் பிறிஜெற் என்றார் அவர். அவள் கிளிப்பச்சைச் சேலையோடு எழும்பி, கை கூப்பி, முகமெல்லாம் சிரிப்பாகப் பின்பக்கம் திரும்பித் தகப்பனைத் தேடினாள். ஹியூபேட் கை தூக்கிக் காட்டினான். வெளிச்சத்தில் நிற்கிறவளுக்கு இருட்டில் இருக்கிறவன் தெரியாது.

திங்கட்கிழமை மாடி முழுவதையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். டொக்டர் ஷஹீமாவின் மேசையில் வேறு பிள்ளை இருந்தாள். சரி, வேறு இடம் தேடலாம் என்று பிறிஜெற் போனை எடுத்தாள். அங்கேதான் நாங்கள் ஒருவரும் நினைக்காதது நடந்தது. வேலை விளம்பரம் போட்ட இடத்துக்கு அழைத்து அவள் “வணக்கம்” என்றதும் மறுபக்கம் வெட்டிவிட்டார்கள். அடுத்த இடமும் அப்படித்தான். மூன்றாவது இடத்தில் ஒருவர், “சே, திரும்பவும் அந்தக் கம்பனி மெசின்” என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வது அவளுக்குக் கேட்டது. அதற்குள் கம்பனி மெசினைக் கொண்டே கோலும் எடுக்கத் தொடங்கியிருந்தது, ஊர் முழுக்கத் தமிழ் வீடுகளுக்கு நாளும் பொழுதும் அந்தக் குரல்தான் போய்க்கொண்டிருந்தது, பக்கேஜ் வாங்குங்கள், பில் கட்டுங்கள் என்று. திறீவீலர்காரன்கூட அவளுடைய கோலை வெட்டினான்.

அதன் பிறகு அவள் போனில் கதைப்பதை விட்டாள், எல்லாம் எழுதி அனுப்புவதுதான். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. கேட்டால் தலையை ஆட்டுவாள். “பிள்ளை ஒரு சொல்லுக் கதைச்சு எத்தனை நாள் தெரியுமா அண்ணே?” என்று றேணுகா என்னிடம் அழுதாள். எனக்கு அந்தப் பெட்டைப் பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்தோனியார் திருநாள் கிட்டியது. வயர் வேலைக்குக் கைகொடுக்க ஜம்பட்டா வீதிக்குப் போயிருந்தேன். முன்விறாந்தையில் ஹியூபேட் இரண்டு கையிலும் வயரோடு இருந்தான். பிறிஜெற் எங்களுக்குத் தேநீர்த் தட்டோடு கதவடிக்கு வந்துவிட்டாள். தரையில் கிடந்த அவனுடைய போன் அடித்தது. கை ஒழியாததால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

ஒரு சின்ன மூச்சு. பிறகு, “வணக்கம் திரு. ஹியூபேட்.”

தகப்பனை எந்தப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடும்? ஆனால் அவன் அதைக் கவனிக்கவில்லை. எத்தனையோ நாளாகக் கேட்காத குரல். வயரைக் கீழே போட்டுவிட்டு, முகம் மலர்ந்து, போனைப் பார்த்துக் குனிந்தான்.

“சொல்லு மகள்” என்றான்.

“மன்னிக்கவும். நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. தயவுசெய்து திரும்பவும் சொல்லுங்கள்.”

நான் கதவடியைத் திரும்பிப் பார்த்தேன். பிறிஜெற் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, தேநீரை நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஹியூபேட் இன்னும் போனுக்குக் குனிந்தபடி, “மகள், மகள்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.