தலைமாட்டைப் பிடித்தவன்

ஐம்பதுகளில் நான் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் போடியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏலக்காய் விலை போக மீதியெல்லாம் பெரும்பாலும் வெட்டுக் குத்துதான். தேவாரம் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்கு வெட்டிக்கொள்வார்கள்; மலையில் குடித்துவிட்டு வெட்டிக்கொள்வார்கள். எல்லா வழக்கும் ஒரே அரசு வக்கீலிடம் வரும். மெலிந்த மனிதர். கோர்ட்டுக்கு வந்த அரிவாளைக் கையில் எடுத்து எடை பார்க்காமல் அவர் வாய் திறந்ததில்லை.

முந்தலுக்கு மேலே மலையில், மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், ஓர் ஏலத்தோட்டத்தின் காவல்காரரை யாரோ கழுத்தில் வெட்டிப் போட்டிருந்தார்கள். தலை பாதி அறுந்து தொங்கிற்று. இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டி, நான்கு பேர் மழையோடு மழையாகப் பிணத்தை இறக்கி வந்தார்கள். அடிவாரத்தில் போலீஸ் நான்கு சட்டைகளையும் கழற்றி வாங்கியது. மூன்றில் ரத்தம் இருந்தது. அதிகமாக நனைந்திருந்தது செத்தவரின் தம்பியின் சட்டை. முந்தின நாள் அண்ணனும் தம்பியும் தோட்டத்தில் கைகலந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். தம்பியைக் கைது செய்தார்கள். நிரூபணமானால் தூக்கு.

விசாரணையன்று வக்கீல் சட்டைகளை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, ரத்தமில்லாத சட்டைக்காரனைக் கூண்டில் ஏற்றினார்.

"தலமாட்டுல யாரு?"

"அவனும் அவுக சித்தப்பாவும்யா. கூடப் பொறந்தவன் இருக்கையில வேத்தாளு தலமாட்டப் புடிக்க முடியுமா?"

"தலை முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலதான். பொணம் ஊருக்குத் திரும்புதுல்ல. சுடுகாட்டுக்குப் போறப்பத்தான் காலு முன்னால."

"வழியில இடம் மாத்துனீகளா?"

"தோளு மாத்துனோம். இடத்த மாத்துனா ஊருக்குள்ள விடுவாகளா?"

தலை கீழ்நோக்கி இருக்க, சரிவில் இறங்கினால் கழுத்து ரத்தம் முன்னால் இருப்பவர்கள் முதுகில்தான் இறங்கும். முன்னவர்கள் இருவர் சட்டைகளும் முதுகில் ஊறியிருந்தன. பின்னால் சாட்சியோடு கால்மாட்டைப் பிடித்த மற்றவன் சட்டையில் மட்டும் ரத்தம் நெஞ்சில் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வக்கீலின் காதருகே குனிந்தார். "ஐயா நம்ம பக்கமா, அவன் பக்கமா?"

"சட்டையைப் பாருங்க" என்றார் வக்கீல். பிறகு எழுந்து, தம்பியின் மேல் வழக்கு நிற்காது, பின்னால் தூக்கியவன் நெஞ்சில் ரத்தம் எப்படி வந்தது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தம்பி கூண்டின் கம்பியைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முன்னால் நடந்தவன், பின்னால் வந்தவன் சட்டையைப் பார்த்திருக்க வழியில்லை.

மதியத்துக்கு முன்பே தம்பியை விட்டுவிட்டார்கள். போலீஸ் ஜீப்பு கம்பம் ஊருக்குப் போயிருந்தது. மறுநாள் மலைக்குப் போய் மற்றவனைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார் இன்ஸ்பெக்டர். தம்பி ஜீப்புக்குக் காத்திருக்கவில்லை. குறுக்குத் தடத்தில் ஏறிப் போனான்.

மறுநாள் போலீசோடு நானும் போனேன். காய் உலர்த்தும் ஸ்டோரில் பின்னால் தூக்கியவன் குப்புறக் கிடந்தான். முதல் வெட்டு பிடரியில். தடுக்கப் போன கையில் விரல்கள் இல்லை. அவை பச்சைக் காய் பரப்பிய தட்டில் கிடந்தன. தட்டுகளில் ஒன்று கவிழ்ந்து, காய்கள் ரத்தத்தில் ஒட்டியிருந்தன. அவன் காய் திருடியதைக் காவல்காரர் பார்த்துவிட்டதும், அதற்காக அவரை வெட்டியதும் பிறகு தோட்டத்து ஆட்களே சொன்னது. தம்பி வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்திலேயே கத்தி. ஏட்டு, "வா அப்பு, போவோம்" என்றார். எழுந்து வந்தான்.

அதே கூண்டு, அதே அரசு வக்கீல். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"நான் வெட்டுனேன். பின்னால தூக்குனவன்தான்னு ஐயாதானே சொன்னாக" என்றான் தம்பி. குரலில் குற்றச்சாட்டு இல்லை. சாட்சிக்கு ஆள் காட்டுவதுபோல வக்கீலைக் காட்டினான்.

வக்கீல் எழுந்தார். "இரண்டாவது வாக்கியத்தையும் பதிவு செய்ய வேண்டும்."

"அது வழக்குக்குத் தேவையில்லை" என்றார் மாஜிஸ்திரேட்.

"தேவை. அன்றைக்கு நான் அதை இன்ஸ்பெக்டரிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும்."

குமாஸ்தா எழுதினார். தம்பிக்கு மதுரையில் தூக்கு விதிக்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்பில் அந்த வாக்கியம் இருந்தது.