றுக்ஸானா எழுதாமல் விட்ட நீர்

2024 மே 6: உள்ளே போனது 750, வெளியே வந்தது 500, நிறை 52.0
மே 7: உள்ளே 700, வெளியே 450, நிறை 53.1
மே 8: உள்ளே 750, வெளியே 400, நிறை 54.3

நீரின் அளவு மில்லிலீட்டரில், நிறை கிலோவில். கட்டில் அட்டையில் இதை எழுதியவள் மருதமுனை றுக்ஸானா, தாதியர் பயிற்சியில் இரண்டாம் வருட மாணவி. கட்டிலில் இருந்தவர் சாய்ந்தமருது றாபியா உம்மா. இதயம் பலவீனம், கால் இரண்டும் வீக்கம். நாளொன்றுக்கு ஒரு லீட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை.

றுக்ஸானாவுக்குக் கூடப் படிக்கும் பிள்ளைகள் வைத்த பட்டம் 'அளவுக்கோப்பை'. வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதையும் கரண்டி மட்டம் தட்டித்தான் போடுவாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த மூன்று வரியும் பிடிபடவில்லை. முக்கால் லீட்டர் குடித்து அரை லீட்டர் போகிறவரின் நிறை, மூச்சிலும் வியர்வையிலும் போவதையும் சேர்த்துப் பார்த்தால், சற்றுக் குறைய வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கிலோ ஏறுகிறதென்றால் அது எங்கிருந்து வருகிறது?

நோயாளியையே கேட்டாள்.

"மாமி, தண்ணி கூடக் குடிச்சிங்களா?"

"எங்க மகள் குடிக்க? நீங்க அளந்து தாற தண்ணில ஒரு கோழிக்குஞ்சும் குளிக்காது."

"மறைக்காமச் சொல்லுங்க மாமி."

"அல்லாவுக்காக, குடிக்கல்ல புள்ள. தொண்ட காஞ்சிதான் கிடக்கு."

பொய் சொல்லும் முகமில்லை அது. ஒருவேளை தராசு பழுதோ என்று வார்டுக்குப் பொறுப்பான துஷாந்தினி சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். சிஸ்டர் வந்து தானே தராசில் ஏறினார்.

"எனக்கும் கூடத்தான் காட்டுது. ஆனா அது தராசிட பிழையில்ல, என்ட வாயிட பிழை" என்று சிரித்தவர், அட்டையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "நிறை சரியெண்டா நீ எழுதினது பிழை. பாத்துத்தான் எழுதினியா, கதிரையில இருந்து எழுதினியா?"

றுக்ஸானா அட்டையை வாங்கி மறுபடி கூட்டினாள். பார்த்துத்தான் எழுதினாள். கஞ்சி, தேத்தண்ணி, குளிசை விழுங்கிய ஒரு மிடறு, எல்லாம் எழுதியிருந்தாள். ஆனாலும் மூன்றாந்தரம் கூட்டியபோது, தான் பார்த்தாளா என்பதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மே 9 காலையில் றாபியா உம்மாவுக்கு மூச்சு இழுத்தது. நிமிர்த்தி உட்காரவைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள், நீர் பிரிவதற்கு ஊசி ஏற்றினார்கள். கொஞ்சம் தணிந்ததும் அவர் முகமூடியை விலக்கி, பக்கத்துச் சிறு அலுமாரியைக் காட்டினார்.

"அதக் கொஞ்சம் தா மகள்."

அங்கே ஒன்றரை லீட்டர் போத்தல். மகள் றிஸ்னா ஒவ்வொரு நாளும் பள்ளிவாசல் மௌலவியான ஹஸ்ரத்திடம் கொடுத்து, குர்ஆன் ஓதி ஊதுவித்துக் கொண்டு வருவது. மூன்று நாளும் றாபியா உம்மா கேட்டபோதெல்லாம் றுக்ஸானா எடுத்துக் கொடுத்ததுதான். இன்றும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கோப்பையில் ஊற்றினாள்.

"என்ன அது?" என்றார் பின்னால் நின்ற சிஸ்டர்.

"ஓதினது, சிஸ்டர்."

"அது தண்ணியில்லையா?"

றுக்ஸானா கோப்பையைப் பார்த்தாள். தண்ணிதான். ஆனால் தண்ணியில்லை. தாகத்துக்குக் குடிப்பது தண்ணி; ஓதினது ஷிபாவுக்கு, நோய் தீர்வதற்குக் குடிப்பது. அதைத் தண்ணி என்று அவள் வீட்டில் யாரும் கணக்கெடுத்ததில்லை. றாபியா உம்மாவும் பொய் சொல்லவில்லை. அவளும் பொய்யாக எழுதவில்லை. ஆனாலும் போத்தல் ஒவ்வொரு பின்னேரமும் வெறுமையாகத்தான் இருந்தது.

"எங்கட கோயில்லயும் தீர்த்தம் குடுக்கிறதான். உள்ளங்கையில ஒரு சொட்டு. போத்தல் கணக்கில இல்ல" என்றார் சிஸ்டர். பிறகு குரலைத் தணித்தார். "இனித் தண்ணி குடிச்சீங்களா எண்டு கேக்காத. வாய்க்குள்ள என்னென்ன போச்சு எண்டு கேளு."

பார்க்க வந்த றிஸ்னா விஷயம் கேட்டு அழுதாள். "அப்ப நான் குடுத்ததா உம்மாவ இப்பிடி ஆக்கின?" ஹஸ்ரத்துக்குப் போன் எடுத்தாள். ஒரு மிடறு போதும், மீதியை நெஞ்சிலும் தலையிலும் தடவுங்கள் என்றார் அவர். அந்த ஒரு மிடறையும் றுக்ஸானா அட்டையில் எழுதினாள். அதிலிருந்து ஐந்தாம் நாள் றாபியா உம்மாவின் வீக்கம் வற்றியது.

விஷயம் அங்கே முடியவில்லை. அட்டையைப் பிழையாக எழுதியதற்கு விளக்கம் கேட்டுப் பயிற்சிப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. விளக்கம் திருப்தியில்லாவிட்டால் பயிற்சியிலிருந்து நீக்கப்படலாம் என்று அதிலேயே இருந்தது.

"ஓதினதாலதான் நோயாளிக்கு வருத்தம் கூடின எண்டு மட்டும் எழுதிராத புள்ள. பாவம் வந்திரும்" என்றார் அவளுடைய உம்மா.

த்ரீவீல் ஓட்டும் வாப்பா குறுக்கிட்டார். "எழுதாட்டி வேல போயிரும். அதையும் சொல்லு."

"ஓதினதால இல்ல உம்மா. தண்ணியால."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"அதான் எனக்கும் விளங்கல்ல."

நாலு தாள் கிழித்தாள். போத்தல் இருந்தது தெரியாது என்று எழுதினால் தப்பலாம். பழி றிஸ்னாவின் தலையில் விழும். கடைசியில் எழுதியது இதுதான்: "என் கையாலேயே கொடுத்தேன். அதை நீர் என்று நினைக்காததால் எழுதவில்லை. இனி நினைப்பேனா என்று கேட்டால், அளவை எழுதுவேன் என்று மட்டும் சொல்ல முடியும்."

பதில் ஒரு பக்கம்தான். பயிற்சியிலிருந்து நீக்கவில்லை, அதே வார்டில், துஷாந்தினி சிஸ்டரின் கீழ் ஒரு மாதம் மீண்டும் வேலை பழக வேண்டும். உட்கொள்ளும் நீரை நோயாளிகளிடம் கேட்பது எப்படி என்று முதலாம் வருட மாணவிகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

"இது தண்டனையா, பாராட்டா?" என்றார் வாப்பா.

றுக்ஸானா திருப்பித் திருப்பி வாசித்தாள். தெரியவில்லை. நாளை வார்டுக்குப் போக எந்தச் சீருடையைக் கழுவிப் போடுவது என்பது மட்டும் தெரிந்தது. அந்தக் கடைசிக் கடிதம் கைக்கு வந்தது 2024 ஜூன் 21ஆம் திகதி.